குட்டை பச்சையான வருஷம்

வேலு, என் உடன்பிறந்தவனே,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் துக்கம்தான் காரணம் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். உன்னிடம் பொய் வேண்டாம். உன்மேல் எனக்குக் கோபம். செத்துப்போன தம்பியோடு உனக்கென்னடி கோபம் என்று அம்மா இருந்தால் கேட்டிருப்பாள். அந்தக் கோபம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன்னைத் தெரிந்தவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் காரியம் முடிந்ததும் படவேட்டு வீட்டைப் பூட்டிவிட்டு மலைக்கே வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் கீழே பாடம் நடத்தியவள், இப்போது உன் வீட்டு அடுப்படியில் மல்லிகாவோடு உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிடுகிறேன். உன் மனைவியை எனக்கு அதிகம் தெரியாது என்பதே இங்கு வந்தபின்தான் தெரிந்தது. பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிற நாத்தனாருக்கு என்ன தெரியும்?

மாடு ஐந்தும் இருக்கின்றன. செவலை மாசியில் கிடேரிக் கன்று போட்டது, நெற்றியில் வெள்ளைச் சுழியோடு. உன் மகள் தேன்மொழி திருப்பத்தூரிலிருந்து வாரத்துக்கு நாலு முறை பேசுகிறாள். ‘அங்க தனியா இன்னா பண்றே, இங்க வந்துடும்மா’ என்று கூப்பிடுகிறாள். அத்தை கூட இருக்கும்போது எப்படித் தனி என்று நான் கேட்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

நல்ல செய்தி இவ்வளவுதான். நம் குட்டை கெட்டுப்போனது, வேலு.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் கூடப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே மேய்ச்சல் சரிவு, நடுவில் நீ வெட்டிய பண்ணைக்குட்டை, கீழே அவரையும் தக்காளியும் போடுகிற தோட்டம், அதையொட்டிச் சாமைக் கொல்லை. சரிவில் விழுகிற மழை குட்டைக்கு வரும். மாடு அதில் குடிக்கும், கெண்டை அதில் வளரும், மிச்சம் தோட்டத்துக்குப் போகும். கோடையில் குழாய் காற்றைத்தான் விடுகிறது. குட்டை இல்லை என்றால் மாடு இல்லை. மாடு இல்லை என்றால் இந்த வீட்டில் தனக்கு வேலை இல்லை என்று மல்லிகாவே ஒருநாள் சொன்னாள்.

சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தது. முதல் மழைக்கே தண்ணீர் காப்பி நிறமானது. கலங்கல்தானே, தெளியும் என்று இருந்தோம். பத்து நாளில் பச்சையானது. நாம் பார்த்திருக்கிற பாசிப் பச்சை இல்லை. இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட் பச்சை. கையை விட்டால் விரல் தெரியவில்லை. மாடுகள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் குடித்தன. வைகாசியில் ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் நீ விட்ட கெண்டைகள் எல்லாம் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தன.

மல்லிகா கரையில் நின்று பார்த்தாள். அழவில்லை. “யாரோ மருந்து கலந்துட்டாங்க அண்ணி” என்றாள்.

“யாரு?”

“நான் எப்டி சொல்றது? ஆனா ரெண்டு வாரமா குப்புசாமி அவர் மாட்ட நம்ம குட்டைக்கு ஓட்டிகினு வர்றதில்ல. ஓடைக்கு ஓட்டிகினு போறார். நீங்க கவனிக்கல?”

நான் கவனித்திருக்கவில்லை. அன்றிலிருந்து வேறெதையும் கவனிக்கவில்லை.

குப்புசாமி உன் சிநேகிதன், சரி. ஆனால் யோசித்துப் பார். சரிவின் மேல் பாதி அவனுடையது, கீழ்ப் பாதி நம்முடையது. நம் வரப்போரமாக ஜீப் போகிற அளவுக்குப் பாதை வேண்டும் என்று அவனுக்கு நெடுநாளாக ஆசை. நீ சிரித்து மழுப்பிக்கொண்டே இருந்தாய். நீ போன பிறகு இரண்டு பொம்பளைகள் மட்டும் இருக்கிற வீடு. குட்டை கெட்டால் மாடு போகும், மாடு போனால் மல்லிகா போவாள், மல்லிகா போனால் பாதை தானாக வரும். கணக்குப் பாடத்தில் ஒவ்வொரு படியாக எழுதிப் போடுவது போல எனக்கு இது விடையோடு வந்து நின்றது.

போதாததற்குக் கரையில் ஒரு காலிப் பாட்டில் கிடைத்தது. களைக்கொல்லிப் பாட்டில். மூடி இல்லை. பக்கத்தில் டயர் செருப்புத் தடம். இந்த மலையில் டயர் செருப்பு போடாதவர் யார் என்று கேட்காதே. நானும் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய வருகைப் பதிவேடு ஒன்று என்னிடம் மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு குடையோடு பாறைமேல் போய் உட்கார ஆரம்பித்தேன். “காலை எட்டு மணி. கு. மேலே நின்று குட்டையைப் பார்த்தான்.” “பத்தரை. கு. கையில் வாளி. வாளியில் என்ன?” இப்படி எழுதினேன். சிரிக்காதே. சந்தேகம் எல்லா நேரமும் வீணாகிவிடாது. ஒரு வருஷம் என் வகுப்பில் தினமும் சாக்பீஸ் காணாமல் போனது. பேசவே பேசாத ஒரு பெண்ணை நான் சந்தேகப்பட்டேன், பத்து நாள் பார்த்தேன், கையும் களவுமாகப் பிடித்தேன். அவள்தான். ஆனால் அவள் அதைத் திருடிச் சுவரில் எழுதவில்லை, தின்றுகொண்டிருந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை அந்தக் குழந்தைக்கு. சந்தேகப்பட்டிருக்காவிட்டால் அது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

நேராகவே குப்புசாமியிடம் போய்க் கேட்டிருக்கலாமே அக்கா என்கிறாயா? நீதானே வேலு கேட்கவிடவில்லை.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உனக்கு நினைவிருக்குமா? அதற்கு முந்தின வாரம்தான் நான் பாதை விஷயமாகக் குப்புசாமியை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தேன். அது உன் காதுக்கும் வந்திருந்தது. மூச்சுக்கு வைத்திருந்த மாஸ்க்கை ஒரு கையால் தூக்கிவிட்டு, என்னையே பார்த்து, “அக்கா... வாயப் பாத்துக்கோ” என்றாய். நர்ஸ் வந்து மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டாள். அதன்பின் நீ பேசவில்லை.

என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். ஹெட்மாஸ்டர்களே ஒதுங்கிப் போன வாய் அது. ஆனாலும், இடுப்பில் வைத்து வளர்த்த அக்காவிடம் கடைசியாகச் சொல்ல உனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா? ‘உன் பேச்சை அடக்கு, அவனோடு சண்டைக்குப் போகாதே’ என்று சொல்லிவிட்டாயே என்று அடுப்பை ஊதும்போதெல்லாம் பொங்கியது. சரி, தம்பி சொன்னது கடைசி வார்த்தை, அதைக் காப்பாற்றுவோம் என்று வாயை மூடிக்கொண்டேன். குப்புசாமி நம் வாசல் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். பேசக்கூடாது என்றுதானே சொன்னாய்? எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே.

ஆனியில் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. மூன்று நாளில் தோலும் எலும்புமாகிவிட்டது. மல்லிகா கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். இளவயதுக்காரர். வந்தவர் கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு, “இது தண்ணி எங்க குடிக்குது?” என்று கேட்டார். குட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“விஷமா டாக்டர்?” என்றேன்.

“விஷம் வெச்சிருந்தா தவள இப்டி கத்துமா டீச்சர்? அதுவும் சேர்ந்து செத்திருக்கும்.”

“அப்போ மீன்?”

“மூச்சு முட்டி செத்திருக்கு. மேல இருந்து சாணி மூத்திரம் எல்லாம் மழைல கரைஞ்சி உள்ள வருது. அத்த தின்னுட்டுப் பாசி வளருது. பகல்ல ஒண்ணும் தெரியாது. விடியறதுக்குள்ள தண்ணில இருக்கிற காத்து மொத்தம் தீந்துடும். கன்னுக்கும் அதே தண்ணிதான் வயித்தக் கெடுத்திருக்கு.”

“இத்தனை வருஷமா எங்க மாடு இந்தச் சரிவுலதானே மேயுது? அப்பல்லாம் கெடாதது இப்ப ஏன் கெடுது?”

அவர் தோளைக் குலுக்கினார். “எங்கயோ ஒண்ணு மாறியிருக்கு. அத நீங்கதான் பாக்கணும். அதுவரைக்கும் மாட்ட இதுல விடாதீங்க.”

பொறுமையாக, விளங்கும்படி சொன்னார். நல்ல வாத்தியாராக வந்திருக்க வேண்டியவர். ஆனால் அவர் மலையேறி வந்தது குப்புசாமியின் பைக்கில், பின்னால் உட்கார்ந்து. ஜீப் கிடைக்கவில்லையாம். அந்த ஒரு காரணத்துக்காக அவர் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. “டாக்டர், கு.வின் வண்டியில் வந்தார். பாசி என்கிறார்” என்று எழுதிவைத்தேன்.

அதன்பின் மல்லிகா ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தாள். மாட்டை ஓடைக்கு ஓட்டுகிற வழி குப்புசாமியின் நிலத்தில், அதில் ஓட்ட நான் விடவில்லை. ஐந்து மாட்டுக்கும் கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் என்றால் எத்தனை நடை என்று நினைத்துக்கொள். நான் இரண்டு நடை போவேன், முழங்கால் மூன்றாவதுக்கு விடாது. கன்று பிழைத்துக்கொண்டது, அவள் இளைத்துப்போனாள். காலையில் கொட்டகைக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் போன் பேசத் தொடங்கினாள். நான் வந்தால் வைத்துவிடுவாள். அதையும் எழுதினேன்.

ஆடி பிறந்து நாலைந்து நாள். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. மழையில்தான் எவனும் வேலையைக் காட்டுவான், தடம் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. குடையை எடுத்துக்கொண்டு போனேன். நினைத்தது போலவே குட்டையின் மேல்முனையில், தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு குப்புசாமி. நம் குட்டையை வெட்டிக்கொண்டிருந்தான்!

எட்டு மாத விரதம் அந்த இடத்தில் உடைந்தது. “டேய், நிறுத்துடா! என் தம்பி குட்டைல உனக்கின்னா வேல?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அட, டீச்சரம்மாவுக்குப் பேச்சு வந்துடுச்சா? ஊமையாய்ட்டீங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்.”

“மண்வெட்டிய கீழ போடு. இத்தினி நாளா நீ பண்றதெல்லாம் பாத்துகினுதான் இருக்கறேன்.”

“பாறமேல குந்திகினு நீங்க எழுதறத நானுந்தான் பாத்துகினு இருக்கறேன். இன்னா மார்க் போட்டீங்க எனக்கு?”

“மீன கொன்னதுக்கு இன்னா மார்க் போடுவாங்க?”

சிரிப்பு போய்விட்டது அவன் முகத்தில். மண்வெட்டியை மண்ணில் ஊன்றினான். பிறகு, “இங்க வந்து பாருங்க, வேலு பண்ற வேலையதான் நான் பண்றேன். வாய் தூந்து போய் கீது” என்றான்.

“எது?”

“வாய். குட்ட வாய். சரிவுத் தண்ணி உள்ள பூர்ற எடம். சித்திர பொறந்தா வாய் வாராம வேலு வேற வேலைய தொட மாட்டானே. இந்த வருசம் வாய யாரும் பாக்கல.”

வேலு, குடை என் கையில் இருந்தது. எப்போது மடங்கியது என்று தெரியாது. நனைந்துகொண்டு நின்றேன். ஏழாம் வகுப்பில் ‘வரத்துக்கால்’ என்று பாடத்தில் நடத்தியவள் நான். நீங்கள் இரண்டு பேரும் மண்ணில் நின்று அதற்கு வைத்திருந்த பெயர் எனக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நீ உன் குட்டையைப் பற்றிச் சொன்னாய். நான் என்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

குப்புசாமி மண்வெட்டியால் கொத்திக் காட்டினான். குட்டைக்குள் தண்ணீர் விழுவதற்கு முன்னால் நீ இரண்டு குழி வெட்டிக் கல் அடுக்கியிருந்தாயாம். முதல் குழி நிறைந்து இரண்டாவதுக்கு, இரண்டாவது நிறைந்து குட்டைக்கு. இரண்டும் சாணியும் வண்டலுமாக விளிம்பு வரை மூடிக் கிடந்தன. மேலே நடந்தால் தரை என்றே நினைப்போம். நாங்கள் நடந்துகொண்டுதான் இருந்தோம்.

“நடுவுல பத்தையா புல்லு நட்டு வெச்சிருந்தான். அத்த யாரு செரைச்சது?”

நான்தான். மாசியில், பாம்பு இருக்கும் என்று. பள்ளிக்கூட மைதானம் மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும் எனக்கு.

“சரி, மாட்டுப் பட்டிய யாரு குட்டைக்கு மேல கொண்டாந்து போட்டது? வேலு கீழ சாமக் கொல்லையில இல்ல போடுவான்? நாலு நாளுக்கு ஒருக்கா எடம் மாத்துவான்.”

அதுவும் நாங்கள்தான். நீ போன பிறகு பட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும் என்று ஜன்னலுக்கு நேராக மேட்டில் போட்டோம். தையிலிருந்து ஐந்து மாடும் ராவெல்லாம் அதே இடத்தில். அந்தச் சாணி மொத்தமும் மழைக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“திருட்டு பயம்” என்றேன்.

“யாரு திருடுவான்னு?”

என் பார்வை அவன் பக்கம் போய்த் திரும்பியது. அவன் புரிந்துகொண்டான். சரிவிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் எங்கள் கால்களுக்கு நடுவே ஓடிக் குட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

உடனே அவனை நல்லவன் என்று நான் முடிவுகட்டிவிடவில்லை. “தண்ணி கெட்டது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. உன் மாட்ட மட்டும் நிறுத்திகினே. எங்ககிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“நாலு தபா வந்தேன். கதவ சாத்திகினீங்க. அஞ்சாவது தபா எனக்கும் ரோசம் வந்துடுச்சி.”

“உன் ரோசத்துல கன்னு செத்திருக்கும்.”

“ஆமா” என்றான், தலையைக் குனிந்துகொண்டு. “செத்திருக்கும்தான்.”

“அந்தக் களைக்கொல்லிப் பாட்டில்?”

“இன்னா பாட்டில்?”

பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன். உற்றுப் பார்த்தேன். மழைத் தண்ணீர் வழிகிற முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பாட்டில் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. நீ சிரித்தாலும் சரி, அதை நான் மறக்கவில்லை.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தேன். மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூரை ஒழுகியதால் என் பையை நகர்த்தியிருக்கிறாள். மடியில் பதிவேடு.

“அண்ணி, இதுல என் பேரும் கீது.”

அவள் விரல் வைத்திருந்த இடத்தில் என் கையெழுத்து, முத்து முத்தாக: ‘மல்லிகா. கொட்டகைக்குப் பின்னால் போன். தாழ்ந்த குரல். யாரோடு?’

அவளே சொன்னாள். “மாட்டு புரோக்கரோட. ஆடி முடிஞ்சதும் வந்து அஞ்சையும் ஓட்டிகினு போவச் சொல்லிக்கிறேன். அதுக்கப்புறம் தேன்மொழி வூட்டுக்குப் போய்டுவேன். என்னால குடம் தூக்க முடியல அண்ணி.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எழுதிகினீங்க.” பதிவேட்டை மூடிவிட்டு, “நெலத்துக்காவத்தான் நீங்க மலைக்கு வந்தீங்களோன்னு நானும்தான் நெனச்சேன். எழுதி வெக்கல, அவ்ளோதான்” என்றாள்.

வேலு, ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு இரண்டு பேரும் இப்படி இருந்திருக்கிறோம். பட்டியை ஜன்னலுக்கு நேராக வைத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பதிவேட்டை அவளையே அடுப்பில் போடச் சொன்னேன். “ஈரம், எரியாது” என்றாள். சிரித்தாளா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

“ஆடி முடியற வரைக்கும் பொறு மல்லிகா. குட்டைய சரி பண்ணிப் பாக்கலாம்.”

“சரியாவலன்னா?”

“உன் மாடு. உன் இஷ்டம்.”

மூன்று வாரம் இருந்தது. குப்புசாமி கடப்பாறையோடு வந்தான், மல்லிகா தட்டுக்கூடையோடு, நான் என் முழங்காலோடு. முதலில் பட்டியைப் பெயர்த்துக் குட்டைக்குக் கீழே, சாமைக் கொல்லைக்கே கொண்டுபோனோம். பட்டி கிடந்த மேட்டைச் சுரண்டி அள்ளி எருக்குழியில் போட்டோம். பிறகு வாய். இரண்டு குழியிலிருந்தும் அள்ளிய வண்டலைத் தோட்டத்து மூலையில் பரப்பினால் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அடியில் நீ அடுக்கிய கற்கள் ஒன்றுகூட நகராமல் இருந்தன. மல்லிகா ஒரு கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

மேய்ந்த சரிவிலிருந்து வருகிற தண்ணீர் எனக்கு இடைவேளை முடிந்து ஓடிவருகிற பிள்ளைகளை நினைவூட்டுகிறது. அப்படியே வகுப்புக்குள் விட்டால் மண்ணும் சேறும் கூச்சலும் உள்ளே வரும். வாசலில் ஒரு நிமிஷம் உட்காரவைத்தால் போதும், தூக்கிக்கொண்டு வந்ததையெல்லாம் கீழே போட்டுவிடும். உன் குழி உட்காரவைக்கிறது. உன் புல், வரிசையில் வரச் சொல்கிறது. இதை நீ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்? எட்டாவதோடு நின்றவன்!

புல்லுக்கு நாற்று குப்புசாமி தன் கொல்லையிலிருந்து கொண்டுவந்தான். இந்தமுறை கொஞ்சம் கூட்டியும் செய்தோம். மாடுகள் நடந்து நடந்து பள்ளமான தடத்தில்தான் அழுக்குத் தண்ணீர் அதிகம் வருகிறது. அதைக் குறுக்கே ஒரு வாய்க்கால் போட்டு, குட்டையைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திருப்பிவிட்டோம். குட்டைக்குக் கெடுதல் செய்வது அவரைக்கு நல்லதுதானே. பச்சைத் தண்ணீரையும் தோட்டத்துக்கே விட்டோம். குட்டையைச் சுற்றி முள்வேலி. மாடு இனி உள்ளே இறங்காது. கரைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டி, குழாய் போட்டு விட்டிருக்கிறது.

தொட்டியில் தன் மாடும் குடிக்க வேண்டும் என்றான் குப்புசாமி. எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு மாடு, நாளைக்கு ஜீப். இந்தமுறை எழுதவில்லை, முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

“இதுக்கப்புறம் பாத கேப்பியா?”

“கேப்பேன். இப்ப இல்ல.”

“எப்ப?”

“குட்ட தெளியட்டும். தெளியறதுக்கு முன்னாடி கேட்டா நீங்க மறுபடியும் பாறைமேல ஏறிடுவீங்க.”

மல்லிகா மண் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “உங்க மாட்டுச் சாணியும்தான் எங்க குட்டைக்கு வருது. சரிவ பாதி பாதியா மேயவுடலாம். ஒரு பாதில புல்லு வளரட்டும், ஒரு பாதில மேயட்டும். அதுக்கு ஒத்துகினா உங்க மாடு குடிக்கலாம்” என்றாள். தரை வெறுமையாக இருந்தால்தானே எல்லாம் கழுவிக்கொண்டு வருகிறது. அது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. குப்புசாமி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். உன் மனைவி பேரம் பேசி நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆடிக் கடைசியில் நல்ல மழை. மூன்று பேரும் போய் நின்றோம். முதல் குழியில் சாணித் தண்ணீர் சுழன்று சுழன்று அடங்கியது. இரண்டாவதில் நுரை ஒதுங்கியது. புல்லைத் தாண்டிக் குட்டையில் விழுந்த தண்ணீர் இளநீர் நிறத்துக்கு வந்திருந்தது. முழுத்தெளிவு இல்லை. டாக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் மீன் விட வேண்டாம், மாட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றார். இந்தமுறை ஜீப்பில் வந்தார். யாருடைய ஜீப் என்று விசாரித்தேன், பால் ஏற்றுகிற ஜீப்தான்.

ஆவணி முதல் வாரம், சொன்னபடி புரோக்கர் சின்ன வேனோடு வந்துவிட்டார். காலை பத்து மணி. ஐந்து மாடும் தொட்டியில் வரிசையாக முகம் வைத்திருந்தன. கன்று இடையில் புகுந்து இடித்துக்கொண்டிருந்தது. மல்லிகா ஒரு கையைச் செவலையின் முதுகில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாய்க்காலில் சேறு தள்ளுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

“இன்னாம்மா, வரச் சொன்னியே? அவுத்து ஏத்தலாமா?”

“மாடுங்க தண்ணி குடிக்குது. குடிக்கறப்ப கலைக்க மாட்டேன்.”

“சரி, குடிச்சப்புறம்?”

“அப்புறம் மேயப் போவும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, வேனைத் திருப்பிக்கொண்டு போனார். மல்லிகா செவலையின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

அன்று திருப்பி அனுப்பினாளே தவிர, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று இதுவரை சொல்லவில்லை. தேன்மொழி இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். உன் வருஷத் திதிக்கு வருவாள், அப்போது பிடிவாதமாகக் கேட்பாள். சில நாள் மல்லிகா பெட்டியை இறக்கி உன் சட்டைகளை மடித்து வைக்கிறாள். ஊருக்குக் கட்டுகிறாளா, வெயில் காட்டுகிறாளா என்று பார்க்கத் தோன்றுகிறது. உள்ளே போகாமல் கஷ்டப்பட்டு வாசலிலேயே நிற்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வேலு. மல்லிகா போகிறேன் என்றால் வழிமறிக்க மாட்டேன். ஜீப் வரைக்கும் அவள் பையை நானே தூக்கிக்கொண்டு போவேன். இருக்கிறேன் என்றால், ஏன் என்று கேட்க மாட்டேன். இந்த இரண்டில் எது எனக்குக் கஷ்டம் என்று உன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

உன்னை இடுப்பில் சுமந்த,
சரோஜா அக்கா